கோபால் இன்னும் ரிட்டயர் ஆகலை!

'கோபால் தெரியுமா?'ன்னு உங்க ஹாஸ்டல்ல யாரையாவது கேட்டுப் பாருங்க. 'எந்தக் கோபால்? மெக்கானிக்கல் கோபாலா, மெஸ் கோபாலா?'ன்னுதான் பதில் வரும். நான் சொல்றது அந்த ரெண்டு பேரையும் இல்லை மக்களே! இவர் 1959-ல் அமெரிக்காவில் கருவாகி, 1960-ல் பிறந்தவர். தொழில்: கணக்கு எழுதுறது. முழுப் பெயர் 'காமன் பிசினஸ் ஓரியன்டட் லாங்குவேஜ்'. சுருக்கமா... கோபால்!

நம்ம ஊர் அரசு வேலையா இருந்தா 60 வயசில் மாலை போட்டு, குரூப் போட்டோ எடுத்து அனுப்பி வச்சிருப்பாங்க. ஆனா இவருக்கு 63 வயசில், அதாவது 2023-ல், புது வெர்ஷன் வந்திருக்கு. ஐ.எஸ்.ஓ. முத்திரையோட!

'அதுக்கும் எனக்கும் என்னப்பா சம்பந்தம்?'னு பேப்பரைப் புரட்டப் போறீங்களா? இருங்க. கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகி, இனிப்பு கொடுத்து, ட்ரெயினிங்குக்குப் போன அப்புறம் ஒரு லிஸ்ட் ஒட்டுவாங்க. ஜாவா, டெஸ்ட்டிங், கிளவுட், மெயின்ஃப்ரேம்னு பிரிப்பாங்க. மெயின்ஃப்ரேம் லிஸ்ட்டில் பேர் வந்தவங்க முகத்தைப் பார்க்கணுமே... அரியர் ரிசல்ட் மாதிரி இருக்கும். பாபநாசம் பக்கத்திலிருந்து போன ஒரு சீனியர் அக்கா போன்ல கேட்டது இதுதான்: 'செத்துப்போன மொழியைக் கத்துக்கிட்டு நான் என்னடா பண்றது?'

செத்துப்போச்சா, இல்லையா? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போறோம். கத்துக்கலாமா வேணாமாங்கிற முடிவை நீங்களே எடுங்க. ஆனா 'பழசு, அதனால வேஸ்ட்'டுங்கிற ஒரே காரணத்துக்காக மட்டும் எடுக்காதீங்க.

மினி ஃப்ளாஷ்பேக்

1959-ல் ஒவ்வொரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் ஒரு தனி மொழி. மெஷினை மாத்தினா புரோகிராம் எல்லாத்தையும் திரும்ப எழுதணும். இந்தத் தலைவலிக்கு மருந்து தேடி, அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் அந்த வருஷம் மே மாசம் ஒரு கூட்டம் நடந்தது. அதிலிருந்து உருவான குழுதான் கோடாசில். கிரேஸ் ஹாப்பர் என்ற கடற்படை அம்மணி ஏற்கெனவே உருவாக்கியிருந்த 'ஃப்ளோமேட்டிக்' மொழிதான் கோபாலுக்கு முக்கிய முன்மாதிரி. கணக்குப் பிள்ளையே படிச்சுப் புரிஞ்சுக்கிற மாதிரி, சாதாரண இங்கிலீஷ் வாக்கியத்தில் புரோகிராம் எழுதணும்கிறதுதான் ஆசை. அதனாலதான் கோபாலில் 'கூட்டு', 'கழி', 'பெருக்கு' எல்லாம் சின்னங்களா இல்லாம வார்த்தைகளாவே இருக்கும்.

அப்புறம் 1968, 1974, 1985, 2002, 2014, 2023-ன்னு வரிசையா வெர்ஷன்கள். நம்ம தமிழ்நாட்டுக்கும் இவருக்கும் பழைய உறவு உண்டு. வருஷத்தை 1999-ன்னு முழுசா எழுதாம, இடத்தை மிச்சம் பிடிக்க 99-ன்னு ரெண்டே இலக்கத்தில் எழுதி வச்சிருந்தாங்க. 2000 வந்தா அது 00 ஆகிடும்; வட்டிக் கணக்கு, பென்ஷன் கணக்கு எல்லாம் குழம்பிடும். இதைச் சரிபண்ண வந்த 'ஒய்-டூ-கே' வேலை இந்திய ஐ.டி. கம்பெனிகளுக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது. 1994-ல் சென்னையில் ஆரம்பிச்ச காக்னிசன்ட்டும் தொடக்க வருஷங்களில் அந்த வேலையைச் செய்த கம்பெனிதான். அதாவது, நம்ம அண்ணன்கள் பல பேரை முதல் முறையா ஃப்ளைட் ஏத்திவிட்டது கோபால்தான்!

சரி, புது விஷயத்துக்கு வருவோம். வெர்ஷன் நம்பர்களை மட்டும் அடுக்கினா தூக்கம் வரும். அதனால நமக்குத் தெரிஞ்ச ஒரு பில்லை வச்சே பார்ப்போம்.

ஒரு நெல் பில், மூணு அப்டேட்!

குறுவையோ சம்பாவோ அறுத்து முடிச்சு, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி, முறை வர்ற வரைக்கும் காவல் காக்கிறது டெல்டா வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதுசு இல்லை. ஈரப்பதம் பார்ப்பாங்க (17 சதவீதம்தான் வழக்கமான வரம்பு), தூத்துவாங்க, 40 கிலோ மூட்டையாப் பிடிப்பாங்க, பட்டியல் எழுத்தர் பில் போடுவார். அந்த பில்லை நாம கோபாலில் எழுதுறோம்னு வச்சுக்குவோம். (நிஜத்தில் அங்கே கோபால் ஓடுதுன்னு நான் சொல்லலை. இது நம்ம லேப் எக்ஸர்சைஸ்!)

பில்லில் மூணு விஷயம் இருக்கு: பேர், தொகை, பதிவு. ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு வெர்ஷன் வந்து சரி பண்ணியிருக்கு.

பேர்: 2002

பழைய கோபாலில் பேர் எழுத 'பிக் எக்ஸ்(20)'னு ஒரு டப்பா ஒதுக்குவோம். 20 இங்கிலீஷ் எழுத்துக்கு இடம். அதில் 'தஞ்சாவூர்'னு தமிழில் போட்டுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியறது அஞ்சே எழுத்து. ஆனா யூனிகோட் கணக்கில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி. த, ஞ, புள்ளி, ச, கால், வ, ஊகாரக் குறி, ர, புள்ளின்னு மொத்தம் 9. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொண்ணுக்கும் 3 பைட். ஆக 27 பைட்! டப்பாவோ 20. 'தஞ்சாவ' வரைக்கும் வந்து, மிச்சம் ரெண்டு பைட் குப்பையா நிக்கும். ஊர் பேரே போச்சு!

2002 வெர்ஷன் இதுக்காக 'நேஷனல்' டேட்டாவைத் தரத்துக்குள்ளே கொண்டு வந்தது. 'பிக் என்(20)'னு போட்டா, உலக மொழிகளின் எழுத்துக்கான இடம். நம்ம 9 குறியும் தாராளமா உட்காரும். அதே வெர்ஷனில்தான் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் வசதி, சொந்தமா ஃபங்ஷன் எழுதுற வசதி எல்லாம் வந்தது. எண்களின் நீளம் 18 இலக்கத்திலிருந்து 31 ஆனது. இன்னொரு பெரிய விடுதலை, ஃப்ரீ ஃபார்மேட். அதுவரைக்கும் 80 கட்டம் உள்ள பன்ச் கார்டு காலத்துச் சட்டப்படி, முதல் 6 கட்டம் வரிசை எண்ணுக்கு, 7-வது கட்டம் குறியீட்டுக்கு, 8-வது கட்டத்திலிருந்துதான் புரோகிராம்னு கோடு போட்ட நோட்டு மாதிரி எழுதணும். கார்டே காணாம போன அப்புறமும் கார்டுக்கான விதி மட்டும் தொடர்ந்தது!

தொகை: 2014

2025-26 சீசனுக்கு மத்திய அரசு அறிவிச்ச குறைந்தபட்ச ஆதார விலை, பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில அரசு தர்ற ஊக்கத்தொகையை இப்போதைக்கு விடுங்க. 40 கிலோ மூட்டை ஒண்ணுக்கு 947 ரூபாய் 60 காசு. 100 மூட்டைக்கு 94,760 ரூபாய். கச்சிதம்!

ஒரு கணக்குக்காக 38.5 கிலோ எடைக்குத் தொகை போட்டுப் பாருங்க. கிலோ 23.69 ரூபாய். பெருக்கினா 912.065. இப்போ சொல்லுங்க... அந்த அரைக் காசு யாருக்கு? வாங்குறவருக்கா, விக்கிறவருக்கா?

'அரைக் காசுக்கா சண்டை?'ன்னு சிரிக்காதீங்க பாஸ். 10 லட்சம் பில் போட்டா அந்த அரைக் காசு 5,000 ரூபாய். பேங்க் வட்டிக் கணக்கில் ஒரே ராத்திரியில் கோடிக்கணக்கான கணக்குகள் ஓடும். யோசிச்சுப் பாருங்க!

பழைய கோபாலில் ரெண்டே வழிதான். ஒண்ணும் சொல்லாம விட்டா மிச்சத்தை வெட்டிடும் (912.06). 'ரவுண்டட்'னு சொன்னா அரையை மேலே ஏத்திடும் (912.07). 2014 வெர்ஷன் இதை 8 வகையா விரிச்சது. வெட்டு, மேலே ஏத்து, கீழே இறக்கு, சரிபாதி வந்தா பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போ (அப்போ 912.06) என்று பல வழி. இன்னொண்ணு ரொம்ப அழகு. 'தடை'ன்னே ஒரு வகை. முழுசா வராத கணக்கை ரவுண்ட் பண்ணவே கூடாது, பிழைன்னு சொல்லு! இதில் எதைத் தேர்ந்தெடுக்கிறதுங்கிறது புரோகிராமரோட மூடு இல்லை. அது சட்டம், ஒப்பந்தம், கம்பெனி விதி. அந்த விதியை புரோகிராமில் பட்டவர்த்தனமா எழுதி வைக்க இடம் கிடைச்சது.

இந்த இடத்தில் ஜாவா, பைத்தான் ரசிகர்களுக்கு ஒரு கேள்வி. உங்க மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி பிரின்ட் பண்ணிப் பாருங்க. 0.30000000000000004-ன்னு வரும். தப்பு உங்க மேல இல்லை. பத்தில் ஒண்ணை பைனரியில் முழுசா எழுத முடியாது. ஜாவாவில் 'பிக்டெசிமல்' இருக்கு, பைத்தானில் 'டெசிமல்' இருக்கு. ஆனா அதைக் கேட்டு வாங்கணும். கோபாலில் '9(7)வி99'னு எழுதினா, ஏழு இலக்கம் ரூபாய், ரெண்டு இலக்கம் காசு. பத்தின் கணக்கு பத்தாகவே நிக்கும். கணக்குப் பிள்ளைக்குன்னே பிறந்தவர்னு சொன்னேனே!

பதிவு: 2023

இப்போதான் நம்ம கதாநாயகன் என்ட்ரி. பில் போட்டாச்சு. ரெண்டு வேலை நடக்கணும். நெல் இருப்பில் 100 மூட்டை ஏறணும். விவசாயி கணக்கில் பணம் வரவாகணும். முதல் வேலை முடிஞ்சு ரெண்டாவது ஆரம்பிக்கறதுக்குள்ளே கரன்ட் போச்சுன்னா? மூட்டை ஏறியாச்சு, பணம் வரலை. அப்பா பாஸ்புக்கை எடுத்துக்கிட்டு அலைய வேண்டியதுதான்.

இதுக்கு மருந்து 'கம்மிட்', 'ரோல்பேக்'. ரெண்டும் நடந்தா கம்மிட். ஏதாவது ஒண்ணு கோளாறானா ரோல்பேக், எதுவுமே நடக்காத பழைய நிலைக்குத் திரும்பிடும். 'இது டி.பி.எம்.எஸ். பேப்பரிலேயே இருக்கே'ன்னு கேட்பீங்க. கரெக்ட்! மெயின்ஃப்ரேமில் டிபி2, சிஐசிஎஸ் மாதிரி துணை சாஃப்ட்வேர்கள் இந்த வேலையைப் பல வருஷமா பார்த்துக்கிட்டு இருக்கு. புதுசு என்னன்னா, 2023-ல் இது கோபால் மொழியின் சொந்த வாக்கியமாவே ஆகியிருக்கு.

மத்த புது வரவுகள் இதோ:

* சென்ட், ரிசீவ்: ஒரு புரோகிராம் இன்னொண்ணுக்குத் தகவல் அனுப்பிட்டு, பதிலுக்குக் கைகட்டி நிக்காம தன் வேலையைத் தொடரலாம். பில் போடுற புரோகிராம் கிடங்கு புரோகிராமுக்குச் சேதி அனுப்பிட்டு அடுத்த பில்லுக்குப் போற மாதிரி.

* எக்ஸ்-ஆர்: ரெண்டில் ஒண்ணு மட்டும் உண்மையா இருக்கணும். லாரி கிடங்குக்குப் போகணும், இல்லை அரவை ஆலைக்குப் போகணும். ரெண்டுக்கும் போச்சுன்னு பதிவானா எங்கேயோ கோல்மால்!

* சப்ஸ்டிட்யூட்: முகவரியில் சிலர் 'குடந்தை'ன்னு எழுதுவாங்க, சிலர் 'கும்பகோணம்'னு எழுதுவாங்க. பழைய 'இன்ஸ்பெக்ட் ரிப்ளேசிங்' வாக்கியத்தில், எடுக்கிற சொல்லும் வைக்கிற சொல்லும் ஒரே நீளமா இருக்கணும். இந்த ஃபங்ஷனில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

* லைன் சீக்வென்ஷியல்: நோட்பேடில் அடிக்கிற மாதிரி சாதாரண டெக்ஸ்ட் ஃபைலை வரிவரியா படிக்கிற முறை. இப்போதான் இது தரத்துக்குள்ளே வருது!

* டிலீட் ஃபைல்: முன்னாடி 'டிலீட்' சொன்னா ஃபைலுக்குள்ளே ஒரு ரெக்கார்டு மட்டும்தான் போகும். இப்போ ஃபைலையே தூக்கலாம். ஜாக்கிரதை!

* பெர்ஃபார்ம் அன்டில் எக்சிட்: நாமளா வெளியே வர்ற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கிற லூப். 'கன்டின்யூ' வாக்கியத்தோட 'இத்தனை விநாடி கழிச்சு'ன்னு சேர்த்தா, புரோகிராம் அவ்வளவு நேரம் ரெஸ்ட் எடுக்கும்.

லிஸ்ட்டைப் பார்த்து, 'இதெல்லாம் எங்க மொழியில் எப்பவோ இருக்கே?'ன்னு தோணுதா? எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. அதுமட்டும் இல்லை. இதில் சப்ஸ்டிட்யூட், லைன் சீக்வென்ஷியல் ரெண்டும் இலவச ஜிஎன்யு கோபாலில் பல வருஷமாவே இருக்கு. அப்போ இவ்வளவு லேட்டா முத்திரை குத்துறாங்களே, ஏன்?

அவசரப்படாத அப்டேட்

போனில் ஒரு ஆப் அப்டேட் ஆகி பட்டன் இடம் மாறினா ரெண்டு நாள் திட்டிட்டு பழகிக்குவோம். பிசினஸ் மொழியில் அப்படி முடியாது. 1985 வெர்ஷன் வர்றதுக்கு முன்னாடி அமெரிக்காவில் பெரிய ரகளையே நடந்தது. 'புது விதியால எங்க பழைய புரோகிராம்களைத் திருத்தணும்னா அதுக்கு ஆகிற செலவை யார் கொடுப்பா?'ன்னு டிராவலர்ஸ் இன்சூரன்ஸ் மாதிரி பெரிய கம்பெனிகள் கொடி பிடிச்சன. அந்தத் தரம் வர்றதுக்கே வருஷக்கணக்கில் இழுத்தது.

ஒரு வசதியைத் தூக்கறதுக்கும் அதே நிதானம். 'ஆல்டர்'னு ஒரு வாக்கியம். புரோகிராம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே 'கோ டு' எங்கே போகணும்கிறதை மாத்திவிடும். படிக்கிறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும்! 1985-லேயே 'இது வழக்கொழிஞ்சது'ன்னு நோட்டீஸ் கொடுத்து, 2002-ல்தான் தூக்கினாங்க. 17 வருஷ நோட்டீஸ்!

இதை நம்ம ஆத்துப் பக்கம் வச்சுப் பார்த்தா சட்டுன்னு புரியும். முக்கொம்பு மேலணை 1830-களில் கட்டினது. 2018 ஆகஸ்ட்டில் வெள்ளம் வந்தப்போ கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் அடிச்சுக்கிட்டுப் போச்சு. காவிரியை நிறுத்தி வச்சுட்டு 'அப்டேட் நடக்கிறது, காத்திருக்கவும்'னு போர்டு மாட்ட முடியுமா? தற்காலிகத் தடுப்பைப் போட்டு, பக்கத்திலேயே புதுக் கதவணையைக் கட்டினாங்க. ஓடுற கணக்கும் அப்படித்தான். பழசை நிறுத்தாம பக்கத்தில் புதுசைக் கட்டணும், ரெண்டையும் ஓட்டிப் பார்க்கணும், காசு காசா ஒத்துப்போனா அப்புறம்தான் மாறணும்.

பழசைக் கவனிக்காம விட்டா என்ன ஆகும்? 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலையிழந்தவங்க உதவித்தொகைக்கு மொத்தமா விண்ணப்பிச்சாங்க. அந்த அமைப்பு 40 வருஷத்துக்கும் பழசு. 'கோபால் தெரிஞ்ச தன்னார்வலர்கள் வேணும்'னு கவர்னர் ஃபில் மர்ஃபியே மைக்கில் கேட்டார்! அங்கே காத்துக்கிட்டு இருந்தது வெறும் கம்ப்யூட்டர் கியூ இல்லை. வீட்டு வாடகைக்குப் பணம் எதிர்பார்த்த மனுஷங்க.

சரி, நமக்கு என்ன?

நல்ல செய்தி முதல்ல. கோபால் சாகலை. ராய்ட்டர்ஸ் 2017-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அப்போ புழக்கத்தில் இருந்த கோபால் 22,000 கோடி வரிகள். இதை எழுதினவங்க பல பேர் ரிட்டயர் ஆகிட்டு வர்றாங்க.

இப்போ கசப்பு மாத்திரை. 2023-ல் வந்த வசதி எல்லாம் நாளைக்கே உங்க ஆபீஸ் மெஷினில் இருக்கும்னு நினைக்காதீங்க. சொந்தமா ஃபங்ஷன் எழுதுற வசதி 2002 தரத்தில் வந்ததுன்னு சொன்னேனே... அது ஐ.பி.எம்.மின் மெயின்ஃப்ரேம் கம்பைலரில் வந்தது 2022-ல், 6.4 வெர்ஷனில்! 20 வருஷம் பாஸ், நம்ம வயசு! அதனால மெயின்ஃப்ரேம் டீமில் சேர்ந்தா, உங்க கைக்கு வர்றது பெரும்பாலும் 1985 ஸ்டைல் புரோகிராம்தான். புதுசா எழுதுறதைவிட, யாரோ எப்பவோ எழுதினதைப் படிச்சு, உடையாம ஒரு வரி மாத்துற வேலைதான் அதிகம். அது எல்லாருக்கும் பிடிக்காது. பிடிக்கலைன்னா தப்பும் இல்லை.

இன்னொரு பயம் ஏ.ஐ. கோபாலை ஜாவாவா மாத்த உதவுற ஏ.ஐ. கருவியை ஐ.பி.எம். 2023-லேயே வெளியிட்டது. 'அப்போ நம்ம வேலை?' மொழிபெயர்க்கிறதை மெஷின் செய்யட்டும். ஆனா 912.065 ரூபாய் 912.06 ஆகணுமா 912.07 ஆகணுமாங்கிறதை யாராவது தெரிஞ்சு வச்சிருக்கணும். ரெண்டுமே பிழை இல்லாம ஓடுற புரோகிராம்தான். ஆனா ஒண்ணுதான் சரியான கணக்கு. அதைக் கண்டுபிடிக்க, பழைய வரியைப் படிக்கத் தெரியணும், அந்த பிசினஸும் தெரியணும்.

அந்த அக்காவுக்கு நான் சொன்னதும் இதுதான்: 'மொழியை மட்டும் கத்துக்காதீங்க. அது எந்தக் கணக்கை எழுதுதோ, பேங்க்கோ இன்சூரன்ஸோ, அதையும் சேர்த்துக் கத்துக்குங்க. நாளைக்கு ஜாவாவுக்கு மாறினாலும் அது கூடவே வரும்.'

இந்த வார லேப்!

காசு செலவில்லாம கோபாலைத் தொட்டுப் பார்க்கணுமா? லினக்ஸ் மெஷினில் ஜிஎன்யு கோபாலை இன்ஸ்டால் பண்ணுங்க. 2023-ல் வந்த 3.2 வெர்ஷன் இலவசம். (புதுத் தரம் முழுசும் அதில் இல்லை, ஆனா நமக்கு இது போதும்.) மூணு வேலை செய்யுங்க.

1. 'தஞ்சாவூர்'ஐ 'பிக் எக்ஸ்(20)'க்குள் போட்டு பிரின்ட் எடுங்க. எந்த எழுத்தில் உடையுதுன்னு பாருங்க. அப்புறம் உங்க ஊர்ப் பேரையும் போடுங்க.

2. 23.69-ஐ 38.5-ஆல் பெருக்கி, ரவுண்டிங் முறையை மாத்தி மாத்தி விடை எடுங்க. எந்த முறை யாருக்கு லாபம்னு பக்கத்தில் எழுதுங்க.

3. 100 மூட்டை பில் போடுங்க. 94,760 ரூபாய் காசு சுத்தமா வருதான்னு பாருங்க.

ஒரு மணி நேர வேலைதான். அதை முடிச்சுட்டு இன்டர்வியூவுக்குப் போங்க. கடைசியில் 'எங்ககிட்ட கேட்க ஏதாவது இருக்கா?'ன்னு கேட்பாங்க இல்லையா? 'உங்க டீம்ல எந்தக் கம்பைலர், எந்த வெர்ஷன் சார் ஓடுது?'ன்னு கேளுங்க. அந்தப் பதிலிலேயே, அடுத்த ரெண்டு வருஷம் நீங்க எந்தக் காலத்துக் கோபாலோட குடித்தனம் பண்ணப் போறீங்கன்னு தெரிஞ்சுடும்!